இராமநாதபுரம் கடற்கரையில் பறவை பார்த்தலும் படமெடுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி கழிந்து பாக் நீரிணைப் பக்கம் மேகம் திரளத் தொடங்கியதும் எனக்கு வரும் அழைப்புகள் கூடிவிடும். பூநாரை (ஃபிளமிங்கோ) வந்துவிட்டதா, எந்த லென்ஸ் வாங்கலாம், தீவுக்குப் போக முடியுமா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் மதுரை, திருச்சி, சென்னையிலிருந்து ஓரிரு நாள் விடுப்பில் வர விரும்புகிறவர்கள். பரமக்குடி, கீழக்கரைப் பிள்ளைகள் சிலரும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நான் தொழில்முறைப் படக்காரன் அல்லேன். விடுமுறை நாள்களில் இந்தக் கரையில் நடந்து பழகியவன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த மாதத்தில் வந்தால் பறவைகளைப் பார்க்கலாம்?

ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் ஜனவரியின் பிற்பாதியைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் காரணம், இங்கே இரண்டு வேறு கணக்குகள் அப்போது ஒன்றாகக் கூடுகின்றன. முதற்கணக்கு கடற்கரையுடையது. வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரித்த உள்ளான்கள், உப்புக்கொத்திகள், மூக்கன்கள் ஆகிய கரைப் பறவைகள் ஆகஸ்ட், செப்டம்பர் முதலே இறங்கத் தொடங்கி ஏப்ரல் வரை தங்கும். இரண்டாவது கணக்கு கண்மாயுடையது. அது முழுக்க மழையைச் சார்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பினால் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் வந்து கூடு கட்டும். தை, மாசியில் மரமெல்லாம் குஞ்சுகளாக இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் அதே மரத்தில் ஒரு கூடும் இராது. ஆகவே புறப்படுமுன் நாள்காட்டியைப் பார்ப்பதைவிட, கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று ஊரில் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கோடையில் வருவதிலும் பயன் உண்டு. ஆலா என்னும் கடற்பறவைகளும் சில உப்புக்கொத்திகளும் அப்போதுதான் மணலில் முட்டையிடும். ஆனால் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும் காலம் அது. கேமராவுக்கும் கண்ணுக்கும் சோதனைதான்.

பாம்பனுக்கு இருபுறமும் கடல்தானே, எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

இங்குள்ள மீனவர்கள் வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் ஆழம் குறைந்தது, பொதுவாக அலை அடங்கியது. ஆண் கடல் அலை மிகுந்தது. வடகிழக்குப் பருவத்தில் மட்டும் இது தலைகீழாகி, வாடைக் காற்றில் பாக் நீரிணை கொந்தளிக்க, வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். சேற்றிலும் ஆழமற்ற நீரிலும் இரை தேடும் பறவைகள், கொந்தளிக்கும் பக்கத்தை விட்டு அடங்கிய பக்கத்துக்கோ உள்ளிருக்கும் கழிகளுக்கோ ஒதுங்கிவிடும். எனவே விடியற்காலையில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதை முதலில் கவனித்து, பிறகு கரையைத் தேர்ந்தெடுங்கள். இங்கே ஓதத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் கரை தட்டையாக இருப்பதால், ஒரு சாண் நீர் வற்றினாலே பெரும் சேற்றுப் பரப்பு வெளிப்பட்டுவிடும். பறவைகள் அந்த நேரத்தை நம்மைவிட நன்றாக அறிந்திருக்கின்றன.

பூநாரைகளை எங்கே பார்ப்பது?

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி செல்லும் சாலையில், கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள கழிவெளியிலும், அதைத் தாண்டி முகுந்தராயர் சத்திரம் வரை பரந்து கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பிலும் பார்க்கலாம். 2025 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 1964 டிசம்பர் புயலில் ஊரையே இழந்த நிலம் அது. அங்கே ஒரு பறவைக் கூட்டம் ஆண்டுதோறும் நம்பி வந்து இறங்குவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

உள்ளூரில் பலர் இதைச் செங்கால் நாரை என்றும் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் அதன் மூக்கை மறக்க முடியாது. நடுவில் வளைந்த அந்த மூக்கைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளி, சிற்றுயிர்களை மட்டும் வடிகட்டி உண்ணும். அதன் இளஞ்சிவப்பு நிறம் அந்த உணவிலுள்ள நிறமியிலிருந்து வருவது. ஆகவே சாம்பல் பூத்த நிறத்தில் நிற்பவற்றை நோயுற்றவை என்று எண்ணிவிடாதீர்கள், அவை இளம் பறவைகள். மூக்கு வெளிர் சிவப்பாக இருந்து நுனி மட்டும் கறுத்திருந்தால் பெரும் பூநாரை. உருவம் சிறுத்து, மூக்கு முழுதும் கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் சிறு பூநாரை.

ஒரு பிப்ரவரியில், கழியின் ஓரம் நீர் வடிந்திருந்த சேற்றில், கூடையைக் கவிழ்த்து அழுத்தியதுபோல் வட்ட வட்டமாகக் குழிகளைக் கண்டேன். ஒவ்வொன்றின் நடுவிலும் சிறு மேடு. ஏதோ வலைக்காரர்களின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் தொலைநோக்கியில் பார்த்தபோது விளங்கியது. பூநாரை மூக்கை ஒரே இடத்தில் ஊன்றி, அதைச் சுற்றிச் சேற்றை மிதித்தபடியே வட்டம் போடுகிறது; மிதிபட்டுக் கலங்கும் சேற்றிலிருந்து இரை மேலே வருகிறது; அது நகர்ந்த பின் மிதித்த தடம் வட்டமாக நின்றுவிடுகிறது. அன்று எடுத்த படங்களில் பறவை இல்லாத அந்தச் சேற்றுப் படத்தைத்தான் இன்றும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

எவ்வளவு அருகில் போகலாம்?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். மீட்டர் கணக்கில் ஒரு விடை வேண்டுமென்றால், பூநாரைக் கூட்டத்துக்கும் எனக்கும் இடையே நூறு மீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அளவைச் சொல்ல வேண்டியது பறவைதான், அது தெளிவாகவே சொல்லும். இரை தேடிக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிரும். சிதறி நின்ற கூட்டம் நெருங்கி ஒன்றாகும். பிறகு எல்லாம் ஒரே திசையில், உங்களுக்கு எதிர்த் திசையில், நடக்கத் தொடங்கும். முதல் தலை நிமிரும்போதே நீங்கள் நின்றுவிட வேண்டும்; கூட்டம் நடக்கத் தொடங்கிவிட்டால் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள், அப்படியே பின்வாங்குங்கள்.

பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென எழும்ப முடியாத பறவை. நீரின்மேல் பல அடி ஓடித்தான் எழும்பும், அதற்கு மிகுந்த ஆற்றல் செலவாகும். கொசு உள்ளானின் நிலை இன்னும் கடினம். ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள அந்தப் பறவை சைபீரியத் துந்திர நிலத்திலிருந்து இங்கே வருகிறது. திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்க வேண்டும். ஒரு நாளில் பத்துப் பேர் பத்து முறை எழுப்பிவிட்டால் அது தின்னும் நேரமெல்லாம் பறப்பதிலேயே போய்விடும். பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிந்து கூட்டத்தை எழுப்புகிறவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தப் படம் எத்தனை அழகாக அமைந்தாலும் அதைப் பாராட்ட எனக்கு மனம் வராது.

நெருக்கம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. பறவை வரக்கூடிய திசையை ஊகித்து, அதற்கு முன்பே போய், கரையில் அமர்ந்தோ படுத்தோ அசையாமல் காத்திருங்கள். நின்றுகொண்டிருக்கும் மனிதனைக் கண்டால் விலகும் உள்ளான், படுத்திருப்பவனுக்குச் சில அடி தூரத்தில் இரை தேடியபடி கடந்து போகும். முக்கால் மணி நேரம் காத்திருந்து கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், பறவையின் கண்ணில் வானம் தெரியும் படம் கிடைக்கும்.

கேமரா இல்லாமல் வரலாமா?

தாராளமாக வரலாம். முதல் ஆண்டு முழுவதும் தொலைநோக்கி மட்டும் கொண்டு வருவதே நல்லது என்பது என் கருத்து. 8x42 அளவுள்ள தொலைநோக்கி போதும். எட்டு என்பது உருப்பெருக்கம், நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் மில்லிமீட்டர் விட்டம். பத்து மடங்கு பெருக்குவது இன்னும் நல்லதல்லவா என்று கேட்பார்கள். இந்தக் கரையின் காற்றில் கை நடுங்கும்போது பத்து மடங்கு நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். கேமரா கையில் இருந்தால் மனம் படத்தின் சட்டத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது, பக்கத்தில் நிற்கும் வேறு இனம் கண்ணில் படாமல் போகிறது. நான் இதை அனுபவித்தே அறிந்தேன்.

எந்தக் கேமராவும் லென்ஸும் வேண்டும்?

திறந்த கரை என்பதால் குவியத்தூரம் நீண்ட லென்ஸ் தேவைப்படும். 150-600 மி.மீ. அல்லது 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தால் போதுமானது. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்களுக்கு, லென்ஸ் கழற்ற முடியாத நீள் ஜூம் கேமராக்கள் உள்ளன. எடுத்துக்காட்டாக நிக்கான் பி950 கேமராவின் எட்டம் 2000 மி.மீ.க்கு இணையானது. வெளிச்சம் குறைந்தால் அதன் தரம் குறையும், பறப்பதைத் துரத்தவும் திணறும். ஆனால் நிற்கும் பறவையை இனங்காணவும் பதிவுக்காகப் படமெடுக்கவும் அது நல்ல கருவி. கடன் வாங்கி லென்ஸ் வாங்காதீர்கள் என்று இளைஞர்களிடம் உரிமையோடு சொல்கிறேன்.

என் படங்களில் கொக்கும் பூநாரையும் வெறும் வெள்ளைத் திட்டாக வருகின்றனவே, ஏன்?

கரும்பச்சை நீரின்மேல் சிறிதாக ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கும்போது, கேமரா சட்டம் முழுவதையும் கணக்கிட்டு, இருட்டாக இருக்கிறது என்று முடிவுசெய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. இறகின் நுண்வரிகள் எரிந்துபோகின்றன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈட்டை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 அளவுக்கு இறக்கிப் பாருங்கள். வெளுத்த வானத்தில் செம்பருந்து பறக்கும்போது இதற்கு நேர்மாறாக, பிளஸ் 1 வரை ஏற்றினால்தான் வயிற்றுப் பக்கம் கறுத்துப் போகாமல் இருக்கும். வெண்மணலும் உப்பும் சேர்ந்த இந்தக் கரையில் திரையைப் பார்த்து வெளிச்சத்தை மதிப்பிட முடியாது, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை நம்புங்கள். கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா கோப்பாக எடுத்தால் பின்னால் திருத்தக் கொஞ்சம் இடம் இருக்கும். ஆனால் முழுதாக எரிந்துபோன வெண்மையை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

ஷட்டர் வேகம் பறப்பதற்கு 1/2000 நொடி, ஆலா போன்ற வேகமான பறவைக்கு 1/3200 நொடி, லென்ஸ் துளையின் அளவான அபெர்ச்சர் எஃப் 7.1 அல்லது 8, ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ. தானியங்கியில், என்று நான் தொடங்குவேன். பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். வாடை வீசும் மாதங்களில் வடகிழக்கு நோக்கியே எல்லாம் நடக்கும் என்பதால், எந்தப் பக்கம் நின்றால் முகம் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணித்துக்கொள்ளலாம். ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழும்; அதை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் காலை வெளிச்சம் பறவையின்மேல் நேராக விழும்.

படம் தெளிவில்லாமல் நெளிகிறது. லென்ஸில் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை, கானல்தான். ஒன்பது மணிக்கெல்லாம் மணலும் உப்பளப் பாத்திகளும் சூடேறி, தரையை ஒட்டிய காற்று அலையாடத் தொடங்கும். அதன் ஊடாக 200 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை எந்த விலையுயர்ந்த லென்ஸும் கூர்மையாக எடுக்காது. விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரையும், மாலை நாலரைக்குப் பிறகும் எடுங்கள். நடுப்பகலில் தொலைநோக்கியோடு கருவேல நிழலில் அமர்ந்து குறிப்பு எழுதலாம்.

உப்புக் காற்றிலிருந்து கேமராவை எப்படிக் காப்பது?

கரையில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றாதீர்கள். மாலையில் அறைக்கு வந்ததும், முதலில் ஊதியால் மணலை அகற்றி, பிறகு நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மணல் இருக்கும்போதே துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். முக்காலியின் கால்கள் கடல்நீரில் நனைந்திருந்தால் அன்றே நன்னீரில் கழுவ வேண்டும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைந்து போட்டுவையுங்கள்.

கூட்டையும் முட்டையையும் படம் எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். இதற்கு விளக்கமாக என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் படமெடுக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, ஒரு மே மாதக் காலையில், மணல் திட்டு ஒன்றில் உப்புக்கொத்தி ஒன்று சிறகொடிந்ததுபோல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியதைக் கண்டேன். அடிபட்ட பறவை என்று எண்ணி, அதன் பின்னாலேயே போய் முப்பது நாற்பது படம் எடுத்தேன். வெகுதூரம் என்னை இழுத்துப் போன பின் அது நலமாகப் பறந்துவிட்டது. திரும்பி வரும்போதுதான் என் செருப்புத் தடத்துக்கு நான்கு விரற்கடை தள்ளி மூன்று முட்டைகளைப் பார்த்தேன். பாதி மணலில் புதைந்து, மணல் நிறத்திலேயே, மையைச் சிதறியது போன்ற கறுப்புக் கிறுக்கல்களோடு, சிப்பித் துண்டுகளுக்கு நடுவே கிடந்தன. அந்த வெயிலில் தாய் அகன்றிருந்தால் முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துவிடும். வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் பறவை அது. அதன் நேரத்தைத்தான் நான் என் படத்துக்காகப் பறித்திருந்தேன்.

ஆகவே மார்ச் முதல் ஜூலை வரை, மணல் மேட்டின் மேற்பகுதியில் நடக்காமல், அலை நனைக்கும் ஈர மணலிலேயே நடங்கள். பறவை சிறகை இழுத்து நடித்தாலோ, தலைக்குமேல் பாய்ந்து கத்தினாலோ, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். காகமும் நாயும் மனிதக் காலடியைத் தொடர்ந்து முட்டையைக் கண்டுபிடித்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவது குற்றமுமாகும்.

கரையில் ஓடும் சிறு பறவைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றனவே?

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும். நிறத்தை விட்டுவிட்டு, மூக்கின் நீளத்தையும் இரை தேடும் முறையையும் பாருங்கள். சில அடி ஓடி, சட்டென நின்று, குனிந்து கொத்தி, மீண்டும் ஓடினால் அது உப்புக்கொத்தி. கண்ணால் இரையைத் தேடுவதால் அதன் கண் பெரியது, மூக்கு குட்டையானது. நில்லாமல் தையல் இயந்திரம்போல் சேற்றில் குத்திக்கொண்டே போனால் உள்ளான். நேரான நீண்ட மூக்கு, நுனியில் சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தால் பட்டைவால் மூக்கன். அரிவாள்போல் கீழ்நோக்கி வளைந்து தலையைவிடப் பலமடங்கு நீண்டிருந்தால் கோட்டான் (ஆந்தையல்ல, கர்லூ என்னும் கரைப் பறவை). பாசியையும் சிப்பியையும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது கல்திருப்பி உள்ளான். நண்டையே குறியாகத் தேடும், கறுப்பும் வெள்ளையுமான, தடித்த மூக்குடைய நண்டுண்ணி தனுஷ்கோடிப் பக்கமும் மனோலித் தீவுப் பக்கமும் பதிவாகியுள்ளது. அரபிக் கடலையும் பாரசீக வளைகுடாவையும் ஒட்டிய மணற்கரைகளில் வளை தோண்டி முட்டையிடும் அந்தப் பறவையை இங்கே பார்ப்பது பெரும் பேறு.

இன்னொன்றை ஆர்வத்தோடு சொல்ல விரும்புகிறேன். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலையாக வாழும் சிறு உப்புக்கொத்தி ஒன்று நெடுங்காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஓர் உட்பிரிவாகவே கருதப்பட்டு வந்தது. 2023இல் வெளியான மரபணு ஆய்வு அதைத் தனி இனம் என்று காட்டியது. இரு நாட்டுக்கும் இடையே பாலம் அமைத்த கதையை நினைத்து அதற்கு அனுமான் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள். சேதுக்கரையில் பிறந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு இருக்க முடியுமா?

மண்டபத்தையும் அதை ஒட்டிய தீவுகளையும் சார்ந்த கரைப் பறவைகளை 1980களில் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆராய்ந்தவர் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன். இந்தக் கரையின் வலசைப் பறவைகளைப் பற்றி நாம் இன்று பேசுவதற்கு அடித்தளம் இட்ட பணிகளில் அதுவும் ஒன்று.

கண்மாய்ச் சரணாலயங்களில் எதைப் பார்ப்பது?

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேல்செல்வனூர்-கீழ்செல்வனூர், தேர்தங்கல், சக்கரக்கோட்டை ஆகியவை இம்மாவட்டத்தின் பறவைச் சரணாலயங்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலும், தேர்தங்கலும் சக்கரக்கோட்டையும் 2025இலும் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. இவை எல்லாமே பாசனக் கண்மாய்கள். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்று விவசாயிகள் சொல்வார்கள். கூட்டுக்காலத்தில் பறவைக்குத் தொல்லை வராமல் காப்பதும் அவர்கள்தாம். இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்பார்கள். ஒரு நாரையால் பறந்து கடக்க முடியாத அளவு பெரிது என்பது அதன் பொருள். நீர்ப்பரப்பை நாரையின் சிறகால் அளந்த ஊர் இது.

கரையில் நின்று, நாட்டுக்கருவேல மரங்களின் உச்சியைப் பாருங்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் மேல் கிளையிலும், நீர்க்காகமும் கொக்கும் அதற்குக் கீழும் இருப்பதைக் காணலாம். குஞ்சுக்குத் தாய் சிறகை விரித்து நிழல் கொடுக்கும் காட்சியைக் காலை பத்து மணிக்குப் பிறகு பார்க்கலாம். அதற்கு மட்டும் வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம். கரையை விட்டுக் கண்மாய்க்குள் இறங்கக் கூடாது.

காரங்காட்டில் என்ன பார்க்கலாம்?

தொண்டிக்கு அருகிலுள்ள காரங்காட்டில், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள். மீன்கொத்திகள், கரைக்கொக்கு, நீர்க்காகம் ஆகியவற்றைப் படகின் தாழ்ந்த மட்டத்திலிருந்து பார்க்கலாம். படகு அசைவதால் முக்காலி பயன்படாது. கையில் பிடித்து, ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுங்கள்.

தீவுகளுக்குப் போகலாமா? டிரோன் பறக்கவிடலாமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதியின்றித் தீவில் கால் வைக்கக் கூடாது. வனத்துறையே நடத்தும் படகுப் பயணங்கள் எவை என்பதை மண்டபத்திலும் பாம்பன் குந்துகாலிலும் கேட்டறிந்து, அவற்றில் மட்டும் செல்லுங்கள். கள்ளத்தனமாகக் கூட்டிப் போகிறேன் என்று எவராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

டிரோன் வேண்டவே வேண்டாம். இது நாட்டின் எல்லைக் கரை, உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளமும், மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் உள்ளன. பறவைக்கோ, வானில் இரையும் டிரோன் பருந்தைவிட அச்சம் தருவது. பாலம், ராடார், காவல் படகு ஆகியவற்றின் பக்கம் நீண்ட லென்ஸைத் திருப்பாமல் இருப்பதும், அடையாள அட்டையைக் கையோடு வைத்திருப்பதும், காவலர் கேட்டால் எடுத்த படத்தை அமைதியாகக் காட்டுவதும் நல்லது. அரிச்சல்முனையிலிருந்து இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும்.

மீனவர்களின் இடத்தில் படம் எடுப்பது சரியா?

கேட்டுவிட்டு எடுத்தால் சரி. கரைவலை இழுக்கும் இடத்தில் செம்பருந்தும் கடற்காகமும் தலைக்குமேலேயே வட்டமிடும்; இக்கரையில் அதைவிட நல்ல பறக்கும் படம் வேறெங்கும் கிடைக்காது. அங்கே போனால் முதலில் அண்ணே என்று அழைத்து இரண்டு வார்த்தை பேசுங்கள், வலைக்கயிற்றைத் தாண்டாதீர்கள், முடிந்தால் ஒரு கை கொடுத்து இழுங்கள். எந்தக் கழியில் இன்று நீர் நிற்கிறது, எங்கே ஆலா திரள்கிறது என்பதை அவர்களைவிடத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. கடற்காகத்துக்கு மிக்சரும் பொரியும் வீசிப் படமெடுக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது அவற்றின் உணவல்ல.

கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கச் செய்து அழைக்கலாமா?

கூடாது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அது பதறி வரும்.

பார்த்ததைப் பதிவு செய்வதால் என்ன பயன்?

ஈபேர்ட் என்ற தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், இனங்கண்ட அனைத்தும் எத்தனை எத்தனை என்று முழுப் பட்டியலாகக் கொடுங்கள். அரிய பறவையை மட்டும் பதிந்து, பத்துக் காகத்தையும் நான்கு மைனாவையும் விட்டுவிட்டால் அந்தப் பட்டியலின் மதிப்பு குறைந்துவிடும். எது குறைகிறது, எது கூடுகிறது என்பதைப் பொதுவான பறவைகளின் எண்ணிக்கைதான் காட்டும். தை மாதம் நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு நல்ல தருணம். 15 நிமிடம் வாசலில் நின்று எண்ணினாலும் போதும். 1987 முதல் ஜனவரி மாதங்களில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பிலும் தன்னார்வலராகச் சேரலாம். எண்ணத் தெரியாதே என்று தயங்க வேண்டாம்: பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் கொண்டு, அதே அளவால் கூட்டம் முழுவதையும் அளந்துவிடலாம்.

படத்தை வெளியிடும்போது கூட்டின் இடத்தையோ, அரிய பறவை நிற்கும் கழியையோ துல்லியமாகக் குறிப்பிடாதீர்கள். மாவட்டத்தின் பெயர் போதும்.

அடிபட்ட பறவையையோ வளையமிட்ட பறவையையோ கண்டால்?

தூண்டில் நரம்பு சுற்றிய பறவையை, துணியால் தலையை மூடிப் பிடித்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்து, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். காலில் உலோக வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் பறவையைத் துரத்தாமல், இருக்கும் இடத்திலிருந்தே முடிந்தவரை பெரிதாக்கிப் படமெடுத்து, எந்தக் காலில், மூட்டுக்கு மேலா கீழா, எந்த நிறத்துக்குக் கீழ் எந்த நிறம், என்ன எழுத்து என்பதை அங்கேயே குறித்துக்கொண்டு, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். எங்கே, எந்த நாளில் அந்த வளையம் மாட்டப்பட்டது என்று அவர்களிடமிருந்து பதில் வரும்.